முன்கூட்டியே வைத்த காய்

இரவு பதினொரு மணிக்கு மேல் ஆடிய ஒரு நிமிட ஆட்டம். எதிராளியிடம் தனி ராஜா மட்டும். அது ஹெச்7 கட்டத்தில் நிற்கிறது. என் ராஜா எஃப்7-இல், ராணி ஜி3-இல். நகர்த்த வேண்டியவர் அவர். என் கடிகாரத்தில் இரண்டு வினாடிக்கும் குறைவு. அவர் ஹெச்6-க்குத்தான் வருவார் என்று நானே முடிவுகட்டி, ராணியை ஜி6-க்கு முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டேன். அவர் அங்கே வந்திருந்தால் செக்மேட். அவரோ ஹெச்8 மூலைக்குள் ஒதுங்கினார். என் ராணி சொன்ன சொல் தவறாமல் ஜி6-இல் போய் உட்கார்ந்தது. அவர் ராஜாவுக்கு செக் இல்லை; நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் எதிராளி மேல்: ராணிக்கு எதிராகத் தனி ராஜாவை வைத்துக்கொண்டு எவனாவது ஆடுவானா, நாகரிகமாக ரிசைன் செய்ய வேண்டாமா? பிறகு கடிகாரத்தின் மேல். கடைசியில் பிரீமூவ் என்ற வசதியின் மேல். கோபம் தணிந்தபின் இந்த மூன்றையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்கத் தோன்றியது. இணையச் சதுரங்கத்தில் பிரீமூவ் மரியாதைக் குறைவான பழக்கமா, ஏமாற்றா, இல்லை ஆட்டத்தின் நேர்மையான ஓர் அங்கமா? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு. பெரும்பாலும் அந்தப் பதில் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தைப் பொறுத்தது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த நகர்த்தலைப் பலகையில் போட்டு வைப்பதுதான் பிரீமூவ். அவர் காய் நகர்ந்த கணமே நம்முடையதும் நகர்ந்துவிடும். அவர் ஆடியபின் அது விதிப்படி செல்லாததாகிவிட்டால் தானாக ரத்தாகும். செல்லுமென்றால், எவ்வளவு அசட்டுத்தனமானதாக இருந்தாலும் நடந்தே தீரும். மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று ஆடுகிறவர்களுக்கு இது மூச்சு விடுவதுபோல. லிச்செஸ் தளத்தில் ஆளுக்குப் பதினைந்து வினாடியில் ஒரு முழு ஆட்டத்தை முடிக்கும் பிரிவும் இருக்கிறது; அங்கே பிரீமூவ் இல்லாமல் தாக்குப்பிடிப்பதே கடினம்.

இதன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் மூன்று. எதிராளி என்ன ஆடுகிறான் என்று பார்க்கக்கூட மாட்டேன் என்பது அவனை அவமதிப்பது, இது முதலாவது. யோசிக்காமல் கையை ஓட்டுவது சதுரங்கமே அல்ல, வெறும் விரல் வித்தை என்பது இரண்டாவது. செலவே இல்லாமல் நேரத்தை மிச்சம் பிடித்து, தோற்றுப்போன நிலையிலிருந்து எதிராளியின் கடிகாரத்தை ஓடவைத்து வெல்வது அநியாயம் என்பது மூன்றாவது.

தீர்ப்புச் சொல்லுமுன் அளவுகோல் வேண்டும். சதுரங்கத்தில் நடத்தை இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒன்று சட்டம். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள், எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்வதையும் அவர் கவனத்தைக் கலைப்பதையும் தடை செய்கின்றன. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்கின்றன. இன்னொன்று வழக்கம். ஆட்டம் முடிந்து கை குலுக்குவதும், நம்பிக்கையில்லாத நிலையில் ரிசைன் செய்வதும் இந்த வகை. இரண்டுக்கும் அடியில் ஓடும் நியாயத்தை இப்படிச் சொல்லலாம்: எதிராளி பந்தயமாக வைக்காத எதையும் அவரிடமிருந்து பறிக்கக் கூடாது; நாம் எடுக்கும் துணிச்சலின் நஷ்டம் நம்மையே சேர வேண்டும்; முடிவைத் தீர்மானிப்பதில் சதுரங்க அறிவுக்குப் பங்கு இருக்க வேண்டும். இந்த மூன்றை வைத்து மூன்று குற்றச்சாட்டுகளையும் அளக்கிறேன்.

அவமதிப்பு என்ற வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்கிறவரை நமக்குப் பிடிப்பதில்லை. இதுவும் அதுபோலத்தானே என்று தோன்றும். ஆனால் முன்கூட்டியே பதில் சொல்வது சதுரங்கத்துக்குப் புதிதல்ல. தபால் வழியே ஆடிய காலத்தில் ஒரே அட்டையில், "நீங்கள் இதை ஆடினால் நான் இதை ஆடுகிறேன், அதற்கு நீங்கள் அந்தக் காயை வெட்டினால் நானும் வெட்டுகிறேன்" என்று எழுதி அனுப்புவார்கள். வாரக்கணக்கில் காத்திருப்பதும் தபால்தலைச் செலவும் மிச்சம். எழுதியது எழுதியவரைக் கட்டுப்படுத்தும். அதை யாரும் அவமரியாதை என்று எண்ணவில்லை. நாள்கணக்கில் ஆடும் இணைய ஆட்டங்களில் இந்த வசதி இன்றும் இருக்கிறது.

அந்த அட்டைக்கும் பிரீமூவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அட்டையில் 'ஆடினால்' என்ற சொல் இருந்தது. பிரீமூவில் அது உதிர்ந்துவிட்டது. நீங்கள் எதை ஆடினாலும் நான் இதைத்தான் ஆடுவேன் என்கிறது பிரீமூவ். ஆணவம் இருப்பது இங்கேதான் என்றால், அந்த ஆணவத்துக்குத் தண்டம் கட்டுவது யார் என்று பார்க்க வேண்டும்.

ஒரு நிமிட ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறும்பு ஒன்று உண்டு. வெள்ளை டி4-க்குச் சிப்பாயைத் தள்ளுகிறது. கறுப்பு ஜி6. கறுப்பின் அடுத்த எண்ணம் ஊரறிந்தது: பிஷப்பை ஜி7-இல் கொண்டுவந்து வைப்பது. அதையே பிரீமூவாகவும் போட்டு வைத்திருக்கிறது. இப்போது வெள்ளை தன் பிஷப்பை ஹெச்6-இல் கொண்டுபோய் நிறுத்துகிறது. சாதாரண ஆட்டத்தில் இது தற்கொலை. கறுப்பின் பிஷப்பாலும் வெட்டலாம், குதிரையாலும் வெட்டலாம். பதிலுக்கு எதுவும் இழக்க வேண்டாம். ஆனால் பிரீமூவ் போட்டுவிட்டிருந்தால் கறுப்பு பிஷப் தானாகவே ஜி7-க்கு வந்து நிற்கும். அதைக் காப்பவர் யாருமில்லை. வெள்ளை அதை வெட்டும். அடுத்து மூலையில் மாட்டிக்கொண்ட யானையும் போகும். இரண்டாவது நகர்த்தலிலேயே ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

இதில் மரியாதை தவறியவர் யார்? கறுப்பு ஒரு பழக்கத்தை நம்பி ஆடியது. வெள்ளை, எதிராளி பார்க்காமல் ஆடுவார் என்று ஒரு முழு பிஷப்பைப் பந்தயமாக வைத்தது. கறுப்பு கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் நஷ்டம் வெள்ளைக்கு. அவரவர் துணிச்சலின் விலையை அவரவரே கட்டுகிறார்கள்; எதிராளி வைக்காத பணத்தை யாரும் எடுக்கவில்லை. இதைவிடச் சுத்தமான பந்தயம் வேறு இருக்க முடியாது. பார்க்காமல் ஆடுவது அவமதிப்பு என்றால், அந்த அவமதிப்புக்குப் பதில் கொடுக்கும் வாய்ப்பும் எதிராளியின் கையிலேயே இருக்கிறது. முதல் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பலகைக்கு முன் உட்கார்ந்து ஆடும் வேக ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடைசி வினாடிகளில் காய்கள் சாயும், கை கையோடு மோதும், கடிகாரத்தைக் குத்துவார்கள், காய் முழுதாகக் கட்டத்துக்குள் நின்றதா என்று சண்டை வரும். சாய்த்தவர் தன் சொந்த நேரத்தில் நிமிர்த்த வேண்டும் என்று விதி இருந்தாலும் நடுவர் ஓடி வரவேண்டியிருக்கும். திரையில் இவை ஒன்றும் இல்லை. நடத்தை என்ற அளவில் பார்த்தால், பிரீமூவ் ஓடும் திரை, கைகள் மோதும் பலகையைவிட அமைதியானது.

விரல் வித்தைதான் என்ற இரண்டாவது வாதத்துக்கு என் தோல்வியே சாட்சி சொல்லட்டும். மறுநாள் அந்த நிலையை மறுபடி பலகையில் வைத்துப் பார்த்தேன். எதிராளிக்கு இருந்த நகர்த்தல்கள் இரண்டே இரண்டு: ஹெச்6 அல்லது ஹெச்8. மற்றக் கட்டங்களை என் ராஜாவும் ராணியும் அடைத்துவிட்டிருந்தன. நான் போட்ட ஜி6 ஒன்றுக்கு செக்மேட், மற்றதற்கு ஸ்டேல்மேட். ராணியை ஒரே கட்டம் குறுக்காக ஹெச்4-க்கு நகர்த்தியிருந்தால்? அவர் ஹெச்6-க்கு வந்தாலும் செக்மேட். ஹெச்8-க்குப் போனாலும் செக்மேட். கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருக்கலாம்.

பிரீமூவின் முழுக் கலையும் இந்த ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. எதிராளியின் எல்லாப் பதில்களையும் ஒரு நொடியில் எண்ணி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே நகர்த்தலைத் தேடுவது சாதாரணக் கணக்கைவிட ஒரு படி கூடுதலானது. சாதாரண ஆட்டத்தில் வந்த பதிலுக்குப் பதில் கண்டுபிடித்தால் போதும். பிரீமூவில் வரக்கூடிய அத்தனைக்கும் சேர்த்து ஒரே பதில் வேண்டும். எதிராளிக்கு ஒரே ஒரு செல்லுபடியாகும் நகர்த்தல்தான் இருக்கிறது என்றால், அங்கே பிரீமூவ் குருட்டு ஆட்டமே அல்ல. முழுப் பார்வையோடு ஆடியதுதான். வெட்டினால் திருப்பி வெட்டுவது என்று போட்டு வைப்பதும் பெரும்பாலும் பத்திரமானதே: எதிராளி அங்கே வெட்டவில்லையென்றால், நம் காயே நிற்கும் கட்டத்துக்கு நகர்த்த முடியாது என்பதால் அந்த பிரீமூவ் ரத்தாகிவிடும். உதிர்ந்துபோன 'ஆடினால்' இங்கே சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. எது பத்திரமான பிரீமூவ், எது சூதாட்டம் என்று பிரித்தறிவது சதுரங்க அறிவுதான். அது எனக்கு அன்றைக்கு இல்லை. அதற்கு அரைப் புள்ளி கட்டினேன். விரல் வேகம் உதவுகிறது என்பது உண்மை. அது மட்டுமே போதும் என்பது பொய்.

மூன்றாவது குற்றச்சாட்டு நேரம் பற்றியது. கனமானதும் இதுதான்.

பழைய இயந்திரக் கடிகாரத்தில் நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சின்னக் கொடியைத் தூக்கும். நேரம் முடிந்ததும் கொடி விழும். கொடி போய்ப் பல வருஷமாகிறது. 'ஃபிளாக் பண்ணிட்டான்' என்ற பேச்சு மட்டும் மிச்சம். இப்படி நேரத்தால் வெல்வது இணையத்தில் பிறந்த நோய் என்று நினைப்பது தவறு. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த மிகைல் தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வேக ஆட்டம் ஆடிப் பழகினார். வென்றவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் கடிகாரமும் ஒரு காய்தான். அங்கே தேறிய கைதான் பிற்பாடு உலகம் வியந்த வேகக் கை.

கடிகாரத்தில் வெல்வதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த உலக பிளிட்ஸ் (வேக ஆட்ட) போட்டியில் அலிரெசா ஃபிருஸ்ஜாவிடம் பிஷப்பும் சில சிப்பாய்களும் இருந்தன. எதிரே மேக்னஸ் கார்ல்சனிடம் ஒற்றை பிஷப் மட்டும். ஃபிருஸ்ஜாவின் நேரம் முடிந்தது. ஒற்றை பிஷப்பை வைத்துக்கொண்டு யாரும் கட்டாயமாக செக்மேட் செய்ய முடியாது. ஆனால் ஃபிடே விதி கேட்பது வேறு: எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி, விதிப்படியான ஏதாவது ஒரு வழியில் செக்மேட் வர முடியுமா? முடியும். ஆகவே வெற்றி கார்ல்சனுக்கு. மேல்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. அதே நிலை செஸ்.காம் தளத்தில் வந்திருந்தால் டிரா. அந்தத் தளத்தின் விதி, ஒற்றை பிஷப்பை வெல்லப் போதாத படையாகவே கணக்கிடுகிறது. ஒரே நிலைக்கு இரண்டு நியாயம். ஆக, கொடி விழுந்தால் யாருக்கு என்ன என்பது ஆட்டக்காரரின் குணத்தில் இல்லை. விதி எழுதியவரின் பேனாவில் இருக்கிறது.

ஃபிடே விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் இதைவிடக் கூர்மையான சாட்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடிகள் கூட்டித் தரப்படாத நீண்ட ஆட்டத்தில், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டவர் நடுவரை அழைத்து, "எதிராளி வெல்ல முயற்சி எடுக்கவில்லை, கடிகாரத்தை மட்டும் நம்பி ஆடுகிறார்" என்று டிரா கேட்கலாம். அந்த வழிகாட்டுதல் அமலில் இருக்கும் என்று போட்டிக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதாவது கடிகாரத்தால் மட்டும் வெல்வதில் ஏதோ உறுத்துகிறது என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதல், இந்தச் சலுகை பிளிட்ஸ் ஆட்டத்துக்குக் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறது. பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ எடுத்துக்கொண்டு உட்காருகிறவர், நேரத்தையும் பந்தயத்தில் வைத்தே உட்காருகிறார் என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே கொடி விழவைப்பது குற்றமில்லை. பிரீமூவ் அந்தச் சண்டையில் நியாயமான ஆயுதமா என்பதே மிச்சக் கேள்வி. இங்கே இரண்டு பெரிய தளங்களும் இரண்டு வழியில் போகின்றன. செஸ்.காமில் ஒவ்வொரு பிரீமூவுக்கும் பத்தில் ஒரு வினாடி கழியும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிரீமூவ்களை அடுக்கி வைக்கலாம். லிச்செஸ்ஸில் பிரீமூவுக்கு நேரமே கழியாது. ஆனால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் போடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணால் பார்த்துக் கை அசையவே மனிதனுக்குச் சுமார் கால் வினாடி ஆகும். ஒரே ஒரு வினாடி மிச்சமிருப்பவர் பார்த்துப் பார்த்து ஆடினால் இரண்டு, மூன்று நகர்த்தலுக்கு மேல் தாங்காது. செஸ்.காமில் பிரீமூவால் பத்து நகர்த்தல் ஆடலாம். லிச்செஸ்ஸில், எதிராளி கொஞ்சமாவது யோசித்தால், எண்ணிக்கையே இல்லை. எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாய் நகராமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா என்பது விதி. அந்த ஐம்பதைப் பிரீமூவிலேயே ஓட்ட செஸ்.காமில் ஐந்து வினாடி வேண்டும். லிச்செஸ்ஸில் ஒரு வினாடியே அதிகம்.

பலகையில் ஆடும்போது எதிராளி ஆடி முடிக்காமல் நாம் ஆட முடியாது. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அமுக்க வேண்டும். அந்தக் கை போய்வரும் நேரம், எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கட்டும் சுங்கம். விலையில்லா பிரீமூவ் அந்தச் சுங்கத்தை ஒழித்துவிடுகிறது. நகர்த்தலும் நேரமும் ஒன்றையொன்று தின்னும் என்ற கடிகாரத்தின் அடிப்படையே அங்கே ஆட்டம் காண்கிறது. இந்த அளவில் குற்றச்சாட்டு செல்லும். இணைய வேகத்தின் ஏற்றத்தாழ்வை ஈடுகட்டத்தான் பிரீமூவ் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. லிச்செஸ்ஸில் நாம் போட்ட பிரீமூவ் நம் உலாவியிலேயே காத்திருந்து, எதிராளியின் நகர்த்தல் வந்து சேர்ந்தபின்தான் புறப்படுகிறது. அது அழிப்பது கையின் தாமதத்தை. கம்பியின் தாமதத்துக்கு அந்தத் தளம் தனியாக ஈடு வைத்திருக்கிறது.

ஆனால் அடுக்கி வைப்பதிலும் குறை இருக்கிறது. ஐந்து பிரீமூவை வரிசையாக அடுக்குகிறவர் எதிராளியின் ஐந்து நகர்த்தலைப் பார்ப்பதில்லை. முதல் குற்றச்சாட்டை நான் தள்ளுபடி செய்தது, ஒரு பதிலைப் பார்க்காத துணிச்சலுக்கு. ஐந்து பதிலைப் பார்க்காதது உரையாடலை விட்டு எழுந்து போவதற்குச் சமம். ஒன்றுதான் போடலாம் என்ற லிச்செஸ் கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் கடைசி நகர்த்தலைப் பார்க்க வைக்கிறது. ஆட்டம் இருவருக்கு இடையில் நடப்பதாக இருக்கிறது. ஒரு தளம் விலையைச் சரியாக வைத்து அளவைக் கோட்டைவிட்டது; மற்றது அளவைச் சரியாக வைத்து விலையைக் கோட்டைவிட்டது.

மரியாதை என்ற சொல்லை உண்மையாகவே பயன்படுத்த வேண்டிய இடம் ஒன்றைக் காட்டாமல் முடிக்க முடியாது. 2020-இல் நடந்த ஓர் இணையப் போட்டியின் அரையிறுதியில் டிங் லிரெனின் இணைப்பு அறுந்து, டிராவாக வேண்டிய ஆட்டத்தை அவர் நேரத்தில் இழந்தார். எதிராளி கார்ல்சன் அடுத்த ஆட்டத்தின் நாலாவது நகர்த்தலில் தன் ராணியைக் குதிரைக்கு வேண்டுமென்றே கொடுத்து, ரிசைன் செய்து, புள்ளியைத் திருப்பித் தந்தார். விதி அவரிடம் அதைக் கேட்கவில்லை, டிங்கும் கேட்கவில்லை. முந்தின டிசம்பரில் ஃபிருஸ்ஜாவின் கொடி விழுந்தபோது புள்ளியை வாங்கிக்கொண்டவரும் இதே கார்ல்சன்தான். இரண்டும் முரணில்லை. நேரத்தைத் தவறவிடுவது ஆட்டத்தின் பகுதி. கம்பி அறுவது ஆட்டத்துக்கு வெளியே நடப்பது. வெளியிலிருந்து வந்த லாபத்தைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பதினைந்து நிமிட ஆட்டத்தில் ராணியை இழந்த ஒருவர், ரிசைனும் செய்யாமல் நகர்த்தவும் செய்யாமல், மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தை அப்படியே ஓடவிட்டுப் போய்விடுகிறார். எதிராளி திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர் பந்தயமாக வைத்தது ஆட்டத்தை. பறிபோவது அவருடைய மாலைநேரம். பிரீமூவ் போட்டுக் கொடியை வீழ்த்துகிறவர் எடுத்துக்கொள்வது சில வினாடிகள், அதுவும் பந்தயத்தில் இருந்தவை. இந்த இருவரில் முதலாமவர்தான் மரியாதை கெட்டவர்.

இனித் தீர்ப்பு. பிரீமூவ் நடத்தைக் குற்றமல்ல. அதைப் போடுகிறவரைத் திட்ட எதிராளிக்கு உரிமையில்லை. போட்டுத் தவறியவருக்கோ, நகர்த்தலைத் திரும்பப் பெறக் கேட்கவும் உரிமையில்லை. பலகையில் காயைத் தொட்டுவிட்டு அவர் கேட்பாரா? கூடுதல் வினாடி இல்லாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் கொடி விழுவதை ஏற்றே ஆக வேண்டும். அது பிடிக்காதவருக்கு பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை பெற்ற கடிகாரம் வழி காட்டிவிட்டது: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒன்றிரண்டு வினாடி கூட்டித் தரும் ஆட்டத்தை ஆடலாம். இரு பக்கமும் ஒற்றை யானை மட்டுமே நிற்கும் வெறுமையான டிரா நிலையில் கடிகாரத்தை நம்பி ஆடுவதை மட்டும் நான் பாராட்ட மாட்டேன், தண்டிக்கவும் மாட்டேன். நண்பர்களாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளட்டும். திருத்த வேண்டியவை தளங்கள்: ஒரு சமயத்தில் ஒரே பிரீமூவ், அதற்கும் பத்தில் ஒரு வினாடி. இரண்டு தளமும் ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கும் நியாயத்தை ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

என் வழக்கில் எதிராளி குற்றமற்றவர். தனி ராஜாவோடு அவர் ஆடிக்கொண்டிருந்தது, நான் தவறுவேன் என்ற நம்பிக்கையில். ஹெச்4-ஐப் பார்க்காத நான் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டேன்.